மூடாக்கு இருக்கட்டும்... அதுமேல படுக்காதீங்க!



34 வருஷம் வங்கியில் வரவு செலவு எழுதிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு மண்வெட்டி பிடிக்க வந்தவன் நான். சின்னமனூர் பக்கம் இரண்டரை ஏக்கர். தென்னை, ஊடுபயிராக வாழை, வரப்போரம் காய்கறி, ரெண்டு நாட்டு மாடு, நாலு ஆடு, காவலுக்கு ஒரு நாய். குடியிருப்பு தேனி நகரத்துக்குள்ளே. காலையில் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன்.

நம்ம இதழில் மகசூல், விற்பனை, நாட்டு விதை என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். நான் இந்த முறை எழுதப் போவது ஒரு காய்ச்சலைப் பற்றி. எனக்கு வந்த காய்ச்சல். தோட்டத்தில் மூடாக்கு போட்டு, உயிர்வேலி வைத்து, மண்ணை மூடி வைத்திருக்கிற நம்ம எல்லோருக்கும் வரக்கூடிய காய்ச்சல்.

ஒரு மதியத் தூக்கம்

மூணு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி கடைசி. நல்ல மழை பெய்து ரெண்டு நாள் வெறிச்சிருந்தது. வாழைக்குக் காய்ந்த இலையும் தென்னை மட்டையும் போட்டு ஒரு முழ உயரத்துக்கு மூடாக்கு கிடந்தது. பார்க்கவே மனசு குளிரும். மண்புழு எச்சம் குவியல் குவியலாக இருக்கும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிப் பக்கத்துப் புதரில் காயப் போட்டேன். தோள் துண்டை அந்த மூடாக்கு மேலேயே விரித்துப் படுத்தேன். மெத்தை மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் நல்ல தூக்கம். எழுந்து அதே சட்டையை உதறி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கை கால் மட்டும் கழுவிவிட்டு, மறுநாள் காலையில்தான் குளித்தேன்.

இதில் எதுவுமே தப்பாகத் தெரியவில்லை, இல்லையா? எனக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கடுமையான தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, குளிர். மழைக்கால ஜுரம்தானே என்று நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் குடித்தேன். நாலு நாள் குடித்தேன். அந்த நாலு நாளும் என் தப்பு, அதை வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

அஞ்சாம் நாள் ஒரு மருத்துவரிடம் போனேன். டைபாய்டாக இருக்கும் என்று ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். மூணு நாள் போயும் ஜுரம் இறங்கவில்லை. ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்ததால் அடுத்து டெங்கு என்று சந்தேகப்பட்டார்கள். அந்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டம்மா பயந்துபோய் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: "ஐயா, என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பேங்க்ல ஆபீசரா இருந்து ரிடையர் ஆயிட்டேம்மா."

"இப்ப என்ன பண்றீங்க?"

"தோட்டம் வச்சிருக்கேன்."

உடனே சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குள், முதுகு, வயிற்று மடிப்பு என்று தேடி, கடைசியில் இடுப்பில் வேட்டி கட்டுகிற இடத்தில் கண்டுபிடித்தார். மிளகு அளவில் ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் எனக்கே தெரியவில்லை.

"இது ஸ்க்ரப் டைபஸ் ஐயா. உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்க" என்றார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் மருந்தை ஆரம்பித்துவிட்டார். மறுநாள் ராத்திரி ஜுரம் விட்டது. ஒன்பது நாள் இறங்காத ஜுரம், விலை குறைந்த ஒரு பழைய மருந்துக்கு ரெண்டு நாளுக்குள் அடங்கிவிட்டது.

கடித்தது யார்?

உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் இதைக் கொண்டுவருவது மாட்டில் ஒட்டுகிற உண்ணி இல்லை. நம்ம பயிரில் செஞ்சிலந்தி வருகிறதே, அதற்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பூச்சியின் இளம் பருவம். டாக்டர்கள் 'சிகர்' என்கிறார்கள். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆரஞ்சு சிவப்பு நிறம். வெறும் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம்.

இந்தப் பூச்சி வளர்ந்த பிறகு மண்ணில் சின்னச் சின்னப் பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும், யாரையும் கடிக்காது. முட்டையிலிருந்து வந்த முதல் பருவத்தில் மட்டும் ஒரே ஒரு தடவை ஒரு விலங்கின் மேல் ஒட்டியாக வேண்டும். பெரும்பாலும் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு. புல் நுனியிலும் சருகு மேலும் காத்திருக்கும். எலி வரும் பாதையில் நாம் படுத்தால் நம் மேல் ஏறும். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் என்று தோல் மெல்லிசாக, துணி இறுக்கமாக இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டும். பூச்சியின் உடம்பில் கிருமி இருந்தால் அது நமக்குள் இறங்கும். இந்தக் கிருமி தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடுகிறது. அதனால் ஓர் இடத்தில் கிருமி ஊன்றிவிட்டால் வருஷா வருஷம் அங்கேயே தங்கும்.

கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். பெரும்பாலும் பத்து நாள் வாக்கில். அதற்குள் நாம் எங்கே படுத்தோம், எங்கே உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிடும். கருப்புப் பொருக்கும் எல்லோருக்கும் வராது. வந்தாலும் மறைவான இடத்தில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதித்து உயிரையே எடுத்துவிடும்.

இது புது நோயும் இல்லை. ரெண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம் எல்லைக் காடுகளில் சண்டை போட்ட சிப்பாய்களை இது வாரிக்கொண்டு போயிருக்கிறது. நம்ம மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை பகுதியில் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. அந்தக் கிராமங்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாவதாக அது சொல்கிறது. எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. வருகிறவர்களில் ஒரு பகுதிக்குத்தான் முற்றுகிறது. ஆனால் அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"அது உங்க ஊர்ப் பிரச்னைப்பா"

சென்னையில் இருக்கிற என் மகள் போனில் இப்படித்தான் சொன்னாள். கொஞ்ச காலம் கழித்து, 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும், பொது சுகாதாரத் துறை ஸ்க்ரப் டைபஸ் பற்றி எச்சரிக்கை விட்டது. பாதிப்பு தெரிந்த மாவட்டங்களின் பெயரில் சென்னையும் இருந்தது. மகள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நகரத்தில் எப்படி வரும் என்று கேட்கலாம். காலி மனை ஒன்று போதும். மழை பெய்தால் இடுப்பளவு புல். அதில் வீட்டுக் குப்பை, குப்பைக்கு எலி, எலிக்கு சிகர். தேனியில் என் வீட்டுக்குப் பின்னாலேயே அப்படி ஒரு மனை இருந்தது. தெருப் பையன்கள் பந்து பொறுக்கப் போவது அதற்குள்தான். நடைப்பயிற்சி போகிறவர்கள் உட்காரும் புல்தரை, சுவரோரம் குவித்த செங்கல், பழைய விறகு, மொட்டை மாடியில் கவனிக்காமல் கிடக்கும் தொட்டிச் செடிகளுக்கு அடியில் எலி வளை... நகரத்திலும் இடத்துக்குப் பஞ்சமில்லை.

நாயும் இருக்கிறது. பழுப்பு நிற நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். சுவர் வெடிப்பு, கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு என்று ஏறி முட்டையிடும். 'இந்திய உண்ணி டைபஸ்' என்று ஒரு காய்ச்சலை இது மனிதருக்குக் கொடுக்கக்கூடியது. உள்ளங்கை, உள்ளங்கால்வரை சிவப்புப் புள்ளி வரும். அதற்கும் அதே டாக்சிசைக்ளின்தான் மருந்து.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று எல்லா ஊரிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இடுக்கி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். நாள் முழுக்க ஈரச் சருகு, நிழல், களையெடுப்பு. சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவதும் அந்தச் சருகு மேல்தான். சாயங்காலம் அதே சேலையோடு வீட்டுக்கு வந்து அடுப்பு பற்ற வைக்கிறார்கள். வருசநாடு, மேகமலை அடிவாரத்தில் மலைமாடு மேய்ப்பவர்கள் கிடையிலேயே தூங்குகிறார்கள். மழைக்காலத்தில் இவர்களுக்கு விடாத காய்ச்சல் வந்தால், இந்த நோயையும் ஒரு கண்ணால் பார்க்க வேண்டாமா?

மாட்டு உண்ணி வேறு கணக்கு

இனி நிஜமான உண்ணிக்கு வருவோம். இதுவும் சாதாரண ஆள் இல்லை.

1957-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கூடவே காட்டோர மக்களுக்குக் கடும் காய்ச்சல். காட்டு உண்ணி பரப்பிய வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் கியாசனூர் காட்டு நோய். பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை வழியாக வயநாடு, நீலகிரிவரை அது தென்பட்டிருக்கிறது. 2011-ல் குஜராத்தில் கிரிமியன் காங்கோ காய்ச்சல் வந்தது. அதைப் பரப்புவது கால்நடை உண்ணி. கடித்துத்தான் பரவ வேண்டும் என்றில்லை, வெறும் விரலால் உண்ணியை நசுக்கினாலும் அந்தக் கிருமி ஏறக்கூடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாட்டுக் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்குவது நம்ம எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

பிடுங்கித் தரையில் போடுவதும் தப்பு. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஒன்று ரெண்டாயிரம், மூவாயிரம் முட்டை வைக்கும். அது தானாகவே மாட்டிலிருந்து கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் போய் முட்டை வைத்துவிட்டுச் சாகும். நாம் பிடுங்கித் தரையில் போட்டால், அதற்கு வேலையை மிச்சப்படுத்தி நாமே விதைத்த மாதிரிதான். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் போடுங்கள்.

மாட்டுக்கும் இதனால் ரெண்டு பெரிய நோய் வரும். தைலேரியா வந்தால் காய்ச்சல் அடிக்கும், தோளுக்கு முன்னால் கழலை வீங்கும், கண் வெளுக்கும். பபேசியா வந்தால் மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி போகும். கலப்பின மாட்டைத்தான் இவை அதிகம் சாய்க்கும். நாட்டு மாடு ஓரளவு தாங்கும். அதற்காக வராது என்று இருக்க முடியாது. இந்த அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

உண்ணியைக் குறைக்க நான் பயன்படுத்துவது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைக் கரைசல். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது.

பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம் பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, மாட்டு உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டும், அல்லது துணியில் நனைத்துத் தேய்க்க வேண்டும். வெயில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வாரம் ஒரு தடவை, உண்ணி குறையும்வரை. தொழுவத்து வெடிப்புகளிலும் தெளிக்க மறக்க வேண்டாம். மாட்டில் இருப்பதைவிடத் தொழுவத்தில் இருக்கும் முட்டையும் குஞ்சும்தான் அதிகம். நான் வெடிப்புகளைப் பூசி, வருஷம் ரெண்டு தடவை சுண்ணாம்பு அடிக்கிறேன். கடை மருந்து அடித்து அடித்து, அதற்கும் சாகாத உண்ணி நாட்டில் பல இடங்களில் உருவாகிவிட்டது. நமக்குப் பால் விஷமாவதுதான் மிச்சம்.

இதற்குச் சம்பளம் இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். மாட்டோடு மாடாக நடக்கிற உண்ணிக்கொக்குக்குப் பெயரே அதனால்தான் வந்தது. மைனாவும் நாட்டுக்கோழியும் பொறுக்கித் தின்னும். விஷம் தெளிக்காத தோட்டத்தில்தான் இந்தக் கூட்டம் தங்கும்.

அப்ப மூடாக்கை எடுத்துடணுமா?

நான் பிழைத்து வந்த பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்க்க வந்தார். "சார், இதுக்குத்தேன் அன்னைக்கே சொன்னேன். குப்பையெல்லாம் கூட்டித் தீயப் போட்டு, களைக்கொல்லி அடிச்சு விட்டீங்கன்னா பூச்சியாவது பொட்டாவது. நீங்க கேக்கல" என்றார்.

ரெண்டு நாள் யோசித்தேன். உயிர் போய்ப் பார்த்தவனுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் நியாயமாகவும் பட்டது. ஆனால் மண்ணை மறுபடி மொட்டையாக்க மனசு வரவில்லை. அதைவிட முக்கியமாக, கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்பு மூடாக்கில் இல்லை. மூடாக்கு வாழைக்குப் போட்டது. அதில் போய்ப் படுத்தவன் நான். வாழைக்கு உள்ள இடத்தையும் மனுஷனுக்கு உள்ள இடத்தையும் நான் பிரிக்கவே இல்லை. நம்ம தாத்தாமார் தோட்டத்தில் களம் இருந்தது, மண் மெழுகின திண்ணை இருந்தது, கயிற்றுக் கட்டில் கிடந்தது. அவர்கள் சருகில் படுக்கவில்லை.

இந்தச் சிகர் பூச்சிக்கு ஈரமும் நிழலும் வேண்டும். வெயில் காய்கிற வெறுந்தரையில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. அதை வைத்துத் தோட்டத்தில் சில மாற்றம் செய்தேன்.

ஒன்று, மோட்டார் ரூமைச் சுற்றிப் பத்தடிக்கு மூடாக்கு, புதர், விறகு எதுவும் கிடையாது. சாணம் மெழுகிய வெறுந்தரை. சாப்பாடு, பேச்சு, ஓய்வு எல்லாம் அங்கேதான். படுக்கக் கயிற்றுக் கட்டில், உட்காரக் கல் பெஞ்சு.

ரெண்டு, தினமும் நடக்கிற பாதை மூணடி அகலம். அதில் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் விடுவதில்லை. வெட்டிய புல் மாட்டுக்கு. உயிர்வேலி அப்படியே இருக்கிறது. பாதை மட்டும் அதிலிருந்து தள்ளிப் போகிறது.

மூணு, எலி. தேங்காய், தீவனம், விதை எல்லாம் மூடி போட்ட டிரம்மில். சிந்தின தானியத்தை அன்றே கூட்டிவிடுவோம். வரப்பு வளையை வெட்டி மூடுகிறோம். ஆந்தை உட்கார 'ட' வடிவத்தில் நாலு குச்சி நட்டிருக்கிறேன். ராத்திரி அது வேலையைப் பார்க்கும்.

நாலு, உடை. மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை, முழு பேன்ட், பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முதலில் வேட்டியை விட்டது சங்கடமாகத்தான் இருந்தது. கழற்றின துணியைப் புதர்மேல் போடாமல் கொடிக்கம்பியில் போடுகிறோம். வேலைக்கு வருகிறவர்களுக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் உட்கார்ந்து களையெடுக்க ஆளுக்கொரு தார்ப்பாய்த் துண்டு. ஒரு நாள் கூலி செலவாகாது, நாலைந்து வருஷம் உழைக்கும்.

அஞ்சு, பூச்சி விரட்டும் களிம்பு. வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய் தடவுவது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி மழைக்காலப் புதருக்குள் நான் போவதில்லை. அன்றைக்குக் கடைக் களிம்பைத்தான் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவுகிறேன். இயற்கை விவசாயி இதைத் தடவலாமா என்று சிலர் கேட்டார்கள். நான் அதை மண்ணில் ஊற்றவில்லை, என் காலில்தான் தடவுகிறேன்.

ஆறு, குளியல். சிகர் ஒட்டின உடனே கிருமி இறங்கிவிடாது, சில மணி நேரம் ஆகும். அதனால் தோட்டத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு, நாரால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பதுதான் நமக்குக் கிடைக்கிற நல்ல தடுப்பூசி. உண்மையான தடுப்பூசி இந்த நோய்க்கு இன்னும் இல்லை. போட்டிருந்த துணியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் அப்படியே சுடுதண்ணீரில் ஊற வைக்கிறோம். குளிக்கும்போது அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள்.

நகரத்து வீட்டிலும் இதே கணக்குதான். பின்னாலிருந்த காலி மனையை நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆள் விட்டுப் புல் வெட்டினோம், குப்பை கொட்டுவதை நிறுத்தினோம். நாயை வாரம் ஒரு நாள் வெயிலில் நிறுத்தி, காது மடல், கால் விரல் இடுக்கு எல்லாம் பார்த்து உண்ணி எடுக்கிறோம். அது படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைக்கிறோம்.

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால்

பதற வேண்டாம். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அது வயிற்றில் உள்ளதை நமக்குள்ளேயே கக்கிவிடலாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல், அதன் வாய்ப் பக்கம் பிடித்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுங்கள். இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றைய தேதியை எங்காவது எழுதி வையுங்கள். மூணு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதி மருத்துவருக்கு உதவும்.

காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டிய ஒரு வரி

இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். ஆடி கடைசியிலிருந்து தை வரைக்கும் காய்ச்சல் வந்து, மூணாம் நாளும் விடவில்லை என்றால், மருத்துவரிடம் போய் நாமாகவே சொல்ல வேண்டும்: "நான் தோட்டத்தில், புதரில் வேலை பார்க்கிறவன். உண்ணிக் காய்ச்சலா இருக்குமான்னு பாருங்க." உடம்பில் எங்காவது கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மார்புக்கு அடியிலும் தொடையிடுக்கிலும்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், சாதாரணமாகக் காய்ச்சலுக்குப் போடுகிற பென்சிலின் வகை, செஃப் என்று ஆரம்பிக்கும் ஊசிகள் இந்தக் கிருமியிடம் வேலை செய்வதில்லை. எனக்கு மூணு நாள் ஏற்றியும் ஜுரம் நிற்காதது அதனால்தான். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கேட்கும். கர்ப்பிணிக்கு எது, குழந்தைக்கு எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. நோய் முற்றியவர்களுக்கு இந்த ரெண்டு மருந்தையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று வேலூர் மருத்துவர்களும் நாட்டின் மற்ற சில மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அரசு மருத்துவமனையிலேயே மருந்து உண்டு. நம்ம மாவட்டத்துக்குக் கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால், சிறுநீர் குறைந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் இயக்கத்து நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது. நிலவேம்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் கஷாயம் உண்டு, மாட்டுக்கு மூலிகைதான். ஆனால் எந்த மருந்து எந்த நோய்க்கு என்று தெரிந்து கொடுப்பதுதான் மரபு வைத்தியமும் சொல்கிற முதல் பாடம். கஷாயத்தை நம்பி நான் வீணாக்கிய நாலு நாள், இன்னும் நாலு நாளாக நீண்டிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன். ரசாயனத்தை மண்ணிலிருந்து விலக்கி வைத்த நாம், நோய்க்கு ஏற்ற மருந்தை நம் உடம்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டியதில்லை.

போன ஐப்பசியில் வேலைக்கு வருகிற அக்கா ஒருவருக்கு ரெண்டு நாள் ஜுரம். "சாதாரண ஜுரந்தேன் சார், வந்துட்டுப் போயிரும்" என்றார். நான் விடவில்லை, மூணாம் நாளுக்கும் காத்திருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், "இவங்க தோட்ட வேலை பார்க்கிறவங்கம்மா, உண்ணிக் காய்ச்சலான்னு பாருங்க" என்றேன். நர்சம்மா முழங்கால் மடிப்புக்குப் பின்னால் பொருக்கைக் கண்டுபிடித்தார். மருத்துவர் அன்றே மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் அக்கா திரும்பி வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாகத் தார்ப்பாய்த் துண்டை எடுத்து விரித்துத்தான் களையெடுக்க உட்கார்ந்தார்.

மூடாக்கு இன்னும் அதே ஒரு முழ உயரத்தில் கிடக்கிறது. வாழை நன்றாக இருக்கிறது. வந்தால் பார்க்கலாம். உட்காரக் கட்டில் போட்டிருக்கிறேன்.